பனிச்சறுக்கு மண்டபத்தில் ஓர் அருப்புக்கோட்டை ஃபிட்டர்

பனிச்சறுக்குப் பலகை மாட்டிவிடுகிறவன் முன்னால் வந்து நிற்கிற யாரும் மூன்று விஷயங்களில் உண்மை பேசுவதில்லை: எடை, வயது, அனுபவம்.

ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிறவர்கள், செருப்புக் கடையில் குனிந்து குனிந்தே முதுகு போனவர்கள், கண்ணாடிக் கடையில் 'இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா' என்று கேட்டுத் தொண்டை வற்றியவர்கள், அடுத்தவர் உடம்புக்கு அளவு பார்த்துப் பிழைக்கிற அத்தனை பேரும் எனக்குச் சொந்தம்தான். நீங்கள் பட்ட பாட்டைத்தான் நானும் பட்டிருக்கிறேன், கொஞ்சம் குளிரான இடத்தில்.

சொந்த ஊர் அருப்புக்கோட்டை. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், தொழில் விசைத்தறி ஃபிட்டர். ஆறு வருடமாக ஒரு வளைகுடா ஊரில், பெரிய கடைவளாகத்துக்குள் கட்டியிருக்கிற பனி மண்டபத்தில் வேலை. வெளியே நம்ம ஊர் சித்திரை வெயிலையே நிழல் என்று சொல்ல வைக்கும் வெயில். உள்ளே மிஷின் தூவிய பனி. ஜனங்கள் காலுக்கு ஒன்றாக ஆளுயரப் பலகையை மாட்டிக்கொண்டு சரிவில் வழுக்கி இறங்குவார்கள். பலகையில் முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி. வாடிக்கையாளரின் பூட்ஸ் அந்த இரண்டுக்கும் நடுவில் அளவாக உட்காரும்படி நகர்த்தி, திருகிக் கொடுப்பதுதான் என் வேலை.

ஸ்னோ கம்பெனி

மதுரையில் இருந்த ஏஜென்ட் போனில் சொன்னது இரண்டே வார்த்தை: ஸ்னோ டெக்னீசியன். ஸ்ப்ரிங்கும் போல்ட்டும் தெரிந்த ஆள் வேண்டுமாம். ஒன்பது வருடம் தறிக்கூடத்தில் அந்த இரண்டோடும்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், சரி என்றுவிட்டேன். என்ன கம்பெனி என்று அப்பா கேட்டார். எனக்கே தெரியாததால் 'ஸ்னோ' என்று மட்டும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஸ்னோ என்றால் பவுடர் போடுவதற்கு முன்னால் முகத்தில் பூசுகிற வெள்ளை க்ரீம். குப்பியில் ஸ்னோ அடைக்கிற மிஷின் போலிருக்கிறது என்று அப்பா முடிவு கட்டி, தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், வருகிறபோது ஆளுக்கு ஒரு டஜன் கொண்டுவரச் சொல்லி வைத்தார்கள்.

விமானம் ஏறுகிற அன்றைக்கு அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: "ஸ்னோ கம்பெனின்னா நல்லதுதானடா. ரெண்டு வருசங் கழிச்சு வாரப்பவாச்சும் கொஞ்சம் கலரா வருவ."

முதல் நாள் பாடம்

எங்கள் பட்டறைக்குத் தலைவர் நேகி. இமாசலத்துக்காரர், பனியிலேயே பிறந்து வளர்ந்தவர். முதல் நாள் ஒரு பூட்ஸை மேஜைமேல் வைத்து, அதன் பக்கவாட்டில் அச்சடித்திருந்த எண்ணைக் காட்டினார். அடிப்பாகத்தின் நீளம், மில்லிமீட்டரில். பலகையின் பின்பிடியை அந்த எண்ணுக்கு நகர்த்த வேண்டும். பிறகு பூட்ஸை அழுத்தி மாட்டிப் பார்த்தால், பின்னால் இருக்கிற சின்ன அடையாளம் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். அதற்கப்புறம் பிடிகளின் மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் இன்னோர் எண். எவ்வளவு விசை வந்தால் பிடி காலை விட்டுவிட வேண்டும் என்பது அது. ஆளின் எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம், எவ்வளவு வேகமாகப் போவார் என்பதையெல்லாம் பட்டியலில் பார்த்து அதை வைக்க வேண்டும்.

ஒரு ஜோடியை என்னிடம் கொடுத்து மாட்டச் சொன்னார். இறுக்கமாக இருந்தால்தானே பத்திரம் என்று முழுசாக முறுக்கிக் கொடுத்தேன். நேகி பூட்ஸைப் பக்கவாட்டில் திருகிப் பார்த்தார், பிடி அசையவில்லை. நான் அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். தறியைப் பற்றி எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். நூல் அறுந்தால் தறியை உடனே நிறுத்துவதற்கென்று சின்னதாக ஒரு முள்கரண்டி இருக்கும், அது சிக்கிக்கொண்டால் தறி நிற்காமல் ஓடித் துணி பாழாகும் என்றேன். இதுவும் அதுதான், இங்கே பாழாவது துணிக்குப் பதிலாக முழங்கால் என்றார். பிறகு என் ஸ்பானரை வாங்கி, முறுக்கியதையெல்லாம் தளர்த்திக்கொண்டே சொன்னார்: "புடிச்சு வைக்கிறதுக்கு ஒரு ஆணி போதும். விடுறதுக்குத்தான் நம்மளுக்குச் சம்பளம்."

ஐம்பத்தெட்டு கிலோ

ஐதராபாத்திலிருந்து ஒரு தம்பதி. ஃபாரத்தில் எடை என்கிற இடத்துக்கு வந்ததும் அந்த அம்மா ஆங்கிலத்தில் ஐம்பத்தெட்டு என்றார். என் கண்ணுக்கே அது சரியாகப் படவில்லை. எடையைக் குறைத்துச் சொன்னால் நான் பிடியைத் தளர்வாக வைப்பேன். தளர்வாக வைத்தால் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே பலகை கழன்று தனியாக ஓடிவிடும். இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, கணவர் அவரிடம் தெலுங்கில் முணுமுணுத்தார். போன வாரம் ஆஸ்பத்திரியில் எழுபத்திரண்டு காட்டியது மறந்துவிட்டதா என்றார். அதை இந்த ஆளிடம் எதற்குச் சொல்ல வேண்டும், இவரா என்னைத் தூக்கப்போகிறார் என்று அந்த அம்மாவும் தெலுங்கிலேயே கேட்டார். நான் முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு எழுபத்திரண்டுக்கே பிடியை வைத்துக் கொடுத்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துச் சிரித்த முகமாகத் திரும்பி வந்தார்கள். ஒரு தடவைகூடத் தப்பாகக் கழலவில்லை, விழுந்தபோது மட்டும் கழன்றது என்று கணவருக்குச் சந்தோஷம். இந்த ஆள் நல்ல வேலைக்காரன், வாயே திறக்கவில்லை என்று மனைவியிடம் தெலுங்கில் பாராட்டினார். பாராட்டுக் கேட்டு எத்தனை நாளாயிற்று. நானும் என்னை மறந்து தெலுங்கிலேயே நன்றி சொல்லிவிட்டேன். அந்த அம்மா கையுறையைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டுத் தெலுங்கிலேயே கேட்டார்: "தெலுங்கு தெரியும்னு சட்டைல ஒரு பேட்ஜ் குத்திக்கக் கூடாதா நீங்க?"

அஞ்சும் ஏழும்

மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. மாமனும் மச்சானுமாக இரண்டு ஆண்கள் சறுக்க வந்தார்கள். மூத்தவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இளையவருக்கு நாற்பது, ஆளும் கனம். பட்டியல்படி இளையவருக்கு ஏழும் மூத்தவருக்கு ஐந்தும் வந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு படி குறைத்துத்தான் வைக்க வேண்டும். மூத்தவர் சின்னக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். மச்சானுக்கு ஏழு, தனக்கு ஐந்தா என்று கேட்டார். இது மார்க் இல்லை சார் என்றேன். கேட்கவில்லை. பொண்ணு கொடுத்த வீட்டில் இருந்து வந்தவன் ஏழில் போவான், நான் ஐந்தில் போவதா என்பது அவர் வழக்கு. எட்டு வை, நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார்.

வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். எட்டில் வைத்து, அவர் விழும்போது பிடி விடாவிட்டால் கால் எலும்பு அவருடையது, பழி என்னுடையது. முடியாது என்று நானும் பிடிவாதமாக நின்றேன். மேனேஜரைக் கூப்பிடு என்கிற கட்டத்துக்குப் போய்விட்டது. அதுவரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக என்னிடம் சொன்னார்: "அவுகளுக்கு அஞ்சே அதிகம் தம்பி. வீட்டுல நான் ரெண்டுலதான் வச்சிருக்கேன்."

பூட்ஸுக்குள் இருந்தது

ஒரு வெள்ளிக்கிழமை, திருச்சுழிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் வந்தார். பேச்சிலேயே ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன். மறுநாள் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்புகிறாராம். இந்தக் கட்டடத்துக்கே செங்கல் வைத்த கைகளில் இரண்டு தன்னுடையவை, உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். இருபத்தாறரை சைஸ் கொடுத்தேன். கால் இறுக்குகிறது என்றார். ஒரு சைஸ் பெரியது கொடுத்துப் பின்பிடியை நகர்த்தினேன். இன்னும் இறுக்குகிறது, அதுவும் வலது கால் மட்டும். இன்னொன்று பெரியது கொடுத்து, மறுபடி நகர்த்தினேன். இடது கால் உள்ளே குளம் மாதிரிக் கிடக்கிறது, வலது கால் இன்னும் வலிக்கிறது. காலை எடுங்கள் அண்ணே என்று நானே பூட்ஸை உருவிக் கவிழ்த்தேன். பாஸ்போர்ட் விழுந்தது.

சாமான் வைக்கப் பூட்டுப் பெட்டி இருக்கிறதே, அதில் வைக்கலாமே என்றேன். அவர் கோபப்படவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துத் துடைத்து, இந்தத் தடவை பனியனுக்குள் செருகிக்கொண்டார். "பதினோரு வருசமா கம்பெனிக்காரன் பெட்டில பூட்டித்தான் வச்சிருந்தான் தம்பி. இன்னைக்குக் காலைலதான் கைக்கு வந்துச்சு. இனிமே ஒரு பெட்டிலயும் வைக்கிறதா இல்ல."

முரண்டிய பின்பிடி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். பெருநாள் விடுமுறை, கூட்டம் கதவுவரைக்கும் நிற்கிறது. ஜெனிட்டா என்று தூத்துக்குடிப் பக்கத்து நர்ஸ் ஒருவர் வந்தார். முதல் தடவை. எடையைச் சரியாகச் சொன்னார், நானும் சரியாகத்தான் வைத்துக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் விரல் நசுங்குகிறது என்று திரும்பி வந்தார். ஒரு சைஸ் பெரிய பூட்ஸ் கொடுத்தேன். பூட்ஸ் மாறினால் அடி நீளத்தைப் பார்க்க வேண்டும், பின்பிடியைப் பின்னால் தள்ள வேண்டும். பார்க்கவில்லை. மாட்டும்போது பிடி கொஞ்சம் முரண்டியது. நன்றாக மிதியுங்கள் என்று சொன்னேன். மிதித்தார், 'டக்' என்று விழுந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

கால் மணி நேரத்தில் அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். கால் முறுக்கிக்கொண்டு விழுந்திருக்கிறார், பலகை கழலவில்லை, முழங்கால் திரும்பிவிட்டது. நான் பலகையைக் கையில் எடுத்தவுடனே தெரிந்துவிட்டது. பின்னால் இருந்த அடையாளம் கோட்டைத் தாண்டி நின்றது. நேகி என்ன நடந்தது என்று கேட்டார். கூட்டத்தில் யார் மாட்டினது என்று தெரியவில்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. சொல்லியிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. விபத்துத் தாளில் என் பெயரை நானே எழுதினேன். வேலை போகவில்லை. ஆனால் இரண்டு மாதம் என்னை மாட்டவிடவில்லை. ஜனங்கள் போட்டுக் கழற்றிய பூட்ஸுக்கெல்லாம் நாற்றம் போக மருந்தடித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதமும் யாராவது நொண்டி நடந்தால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

மறுபடி மேஜைக்கு வந்த பிறகு, ஒருநாள் ஜெனிட்டா வந்து நின்றார். முழங்காலில் உறை மாட்டியிருந்தார். டாக்டர் மெதுவாகச் சறுக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். பக்கத்து மேஜையில் ஆள் காலியாக இருந்தும் என் முன்னால்தான் வந்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகப் பூட்ஸின் அடி நீளத்தை இரண்டு தடவை படித்தேன். பின்பிடியை நகர்த்தினேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். பின்னால் வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். என் கை அவசரப்பட்டதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இன்னைக்கு எனக்கு முழு லீவு. நீங்க நிதானமாவே மாட்டுங்க."

நரிக்குடி பஸ்ஸில்

லீவில் வந்தபோது ஒரு காதுகுத்துக்காக நரிக்குடி பஸ் ஏறினேன். பக்கத்தில் ஓர் ஆட்டுக்காரர், ஆட்டுக்குப் புகட்டுகிற மருந்துப் பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டில் என்ன வேலை என்று கேட்டார். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று போனில் வீடியோவைக் காட்டினேன். திருச்சுழி தாண்டுகிறவரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே கருவேலமும் வெடித்த கண்மாயும். போனுக்குள் வெள்ளை வெளேரென்று பனி. இவுக எங்கே போறாக என்று கேட்டார். கீழே என்றேன். கீழே என்ன இருக்கிறது என்றார். ஒன்றுமில்லை, அங்கேயிருந்து நாற்காலி மாதிரி ஒன்று மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போகும் என்றேன். மேலே போய் என்ன செய்வாக என்றார். திரும்பக் கீழே வருவாக என்றேன்.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். இறங்கும்போது பாட்டில்களை அணைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்து, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்: "சும்மா மேல போயி சும்மா கீழ வாராக. அதுக்கு ஒரு ஃபிட்டரு வேறயா?"

பெண் பார்த்த கதை

அதே லீவில்தான் பந்தல்குடிக்குப் பெண் பார்க்கப் போனோம். கவிதா, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவருடைய தாய்மாமா தூத்துக்குடி ரோட்டில் லாரி டயர்க் கடை வைத்திருக்கிறார். அவர் வார்த்தைதான் அந்த வீட்டில் கடைசி வார்த்தை. மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டார். அப்பா 'டெக்னீசியன்' என்றார். என்ன டெக்னீசியன் என்றார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. பூட்ஸ், பலகை, பிடி எல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்ப அடுத்தவுக காலைப் புடிச்சு மாட்டி விடுறது என்று சுருக்கிவிட்டார். கேசரித் தட்டுகளில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

எப்படியோ எங்கள் இருவரையும் மாடியில் ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வியர்த்துக்கொண்டு நின்றேன். வாய் தன் பழக்கத்துக்குத் திறந்து, எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு, வயது எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டுவிட்டது. மெதுவாகப் போவீங்களா, வேகமாகப் போவீங்களா என்பதை மட்டும் பல்லைக் கடித்து நிறுத்தினேன். கவிதா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அறுபத்தி நாலு கிலோ, நூற்று ஐம்பத்தேழு சென்டிமீட்டர், இருபத்தெட்டு வயது என்றார். எழுதிக்கொள்ளவில்லையா என்றும் கேட்டார். இத்தனை வருடத்தில் எடையை முதல் தடவையிலேயே, குரலைத் தாழ்த்தாமல் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மாமா முடிவு வேறாக இருந்தது. கால் பிடிக்கிற வேலைக்காரனுக்குப் பெண் கொடுக்க முடியாது என்று ஆள்விட்டுச் சொல்லிவிட்டார். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் சீக்கிரமே டிக்கெட்டை மாற்றிப் போட்டுக் கிளம்பிவிடலாமா என்று பார்த்தேன். மூன்றாவது நாள் மாமாவே போன் செய்து, தாம்பூலம் மாற்ற எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். என்ன நடந்தது என்று கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. கவிதா நேராக டயர்க் கடைக்கே போய், வேலைக்காரர்கள் எல்லாரும் கேட்க மாமாவிடம் சொல்லியிருக்கிறார்: "நீங்க லாரிக்கு மாட்டி விடுறீக, அவுக மனுசனுக்கு மாட்டி விடுறாக. ஒங்ககிட்ட ஒரு லாரியாச்சும் வந்து தாங்க்ஸ் சொல்லியிருக்கா மாமா?"

கடைசியாக ஒன்று: ஆறு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பேரை அந்தச் சரிவில் இறக்கிவிட்ட நான் இன்றுவரை ஒரு தடவைகூடச் சறுக்கியதில்லை, ஏனென்றால் பட்டறை விதிப்படி என் காலுக்கு இன்னொருத்தன்தான் மாட்டிவிட வேண்டும், இந்தத் தொழிலில் இருந்துகொண்டு நான் எப்படி அவனை நம்புவது?